பத்துப் பேர் நிற்கிறார்கள், முதலில் அசைவது யார்?

2016-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களுக்குள் தமிழ்நாடு இரண்டு முறை அதிர்ந்தது. மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை மதியம், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட இளம் தம்பதியை பைக்கில் வந்த கும்பல் அரிவாளால் வெட்டியது. கணவர் இறந்துபோனார், மனைவி படுகாயங்களோடு பிழைத்தார். சுற்றிலும் கடைகள், வண்டிகள், ஆட்கள். வெட்டியவர்கள் வந்த பைக்கிலேயே ஏறிப் போனதைக் கண்காணிப்பு கேமரா பதிவு செய்தது. நாடே அதைப் பார்த்தது. ஜூன் 24, வெள்ளிக்கிழமை காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த 24 வயதுப் பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் கேமராகூட இல்லை. அந்தப் பெண்ணின் உடல் சுமார் இரண்டு மணி நேரம் நடைமேடையிலேயே கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே இதைக் கையில் எடுத்துக் கேள்வி கேட்டது.

இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே பேச்சுதான்: “அத்தனை பேர் நின்னாங்களே, ஒருத்தர்கூடத் தடுக்கலையா?” பதிலும் தயாராக இருந்தது: காலம் கெட்டுவிட்டது, மனிதநேயம் செத்துவிட்டது, எல்லோரும் செல்போனில் படம் எடுக்கிறார்கள். இந்தப் பதில் யாரையும் காப்பாற்றாது. நின்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் கல்நெஞ்சர்கள் அல்லர் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு. அவர்களை அசையவிடாமல் கட்டிப்போட்டவை எவை என்று தெரிந்தால்தான், அடுத்த முறை நாம் அங்கே நிற்கும்போது கட்டு அவிழும்.

இந்தக் கேள்வியை உலகம் முறையாகக் கேட்கத் தொடங்கியதும் ஒரு மார்ச் 13 அன்றுதான். 1964-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், விடியலுக்கு முந்தைய நேரத்தில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தன் குடியிருப்புக்கு வெளியே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது: அரை மணி நேரத்துக்கும் மேலாக 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாக்குதல் நடந்தபோது ஒருவர்கூடப் போலீசை அழைக்கவில்லை என்று. அரை நூற்றாண்டு காலம் உளவியல் பாடநூல்கள் இதை அப்படியே சொல்லிக்கொடுத்தன.

அந்தச் செய்தி பெருமளவு பிழையானது. தாக்குதல் இரண்டு இடங்களில் நடந்தது. இரண்டாவது இடம் கட்டடத்தின் உள்பகுதி, தெருவிலிருந்து பார்க்க முடியாதது. என்ன நடக்கிறது என்று தெளிவாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஒருவர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டதால்தான் கொலையாளி முதலில் ஓடினான். அண்டை வீட்டுப் பெண் ஒருவர், கொலையாளி போய்விட்டானா என்றுகூடத் தெரியாத நிலையில் கீழே இறங்கி ஓடி, உயிர் பிரியும் நேரத்தில் கிட்டியைத் தன் கைகளில் ஏந்தியிருந்தார். கொலையாளி 2016-இல் சிறையில் இறந்தபோது வெளியிட்ட செய்தியில், தன் பழைய செய்தியில் குறை இருந்ததை அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 911 என்ற ஒற்றை அவசர எண் 1968-இல்தான் வந்தது. 1964-இல் நள்ளிரவில் போலீசை அழைப்பது அவ்வளவு எளிதான காரியம் அல்ல. அந்த எண் உருவாக இந்தக் கொலை எழுப்பிய விவாதமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். ஜனங்களைத் திட்டியதால் எதுவும் மாறவில்லை. அழைப்பதைச் சுலபமாக்கியதால் மாறியது.

கூட்டத்துக்குள் நடப்பது என்ன?

கிட்டி கொலைக்குப் பிறகு பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் சோதனைகள் நடத்தினார்கள். 1968-இல் வெளியான ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து இன்டர்காம் வழியாகப் பேசச் சொன்னார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோலக் குரல் திணறும். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்கவில்லை என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனே எழுந்து உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். எழாதவர்கள் அலட்சியமாக உட்கார்ந்திருக்கவில்லை. ஆய்வாளர் உள்ளே போனபோது பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை வியர்த்திருந்தது. “அவருக்கு ஒன்றும் ஆகலையே, யாராவது பார்த்துக்கறாங்களா?” என்று கேட்டார்கள். மனம் பதறியது, கால் எழவில்லை.

இதற்கு அவர்கள் சொன்ன காரணம், பொறுப்பு பத்தாகப் பங்கிடப்பட்டுவிடுகிறது என்பது. நான் ஒருவன்தான் என்றால் முழுப் பொறுப்பும் என்னுடையது. பத்துப் பேர் என்றால் எவரோ ஒருவர் 100-க்கு அடித்திருப்பார், எவரோ ஒரு பலசாலி முன்னே போவார் என்று பத்துப் பேரும் நினைக்கிறோம். இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. நடப்பது ஆபத்தா, அல்லது நண்பர்களின் விளையாட்டுச் சண்டையா என்று முதல் சில நொடிகளில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். அவரும் அதற்காகவே நம் முகத்தைப் பார்க்கிறார். இருவரும் பதற்றத்தைக் காட்டாமல் நிற்பதால், “ஒன்றுமில்லை போல” என்று இருவரும் முடிவு செய்கிறோம். இதே ஆய்வாளர்களின் இன்னொரு சோதனையில், அறைக்குள் புகை நுழைந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்கார்ந்தவர்களில் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் கண் எரிச்சலோடு புகையைக் கையால் விலக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சோதனைகளை மட்டும் படித்தால் நம்பிக்கை இழந்துவிடுவோம். அதனால் அண்மைக்கால ஆய்வு ஒன்றையும் சொல்கிறேன். இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரங்களில் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 உண்மையான தெருச் சண்டைகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவு இது: பத்தில் ஒன்பது சண்டைகளில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டிருக்கிறார். ஆள் அதிகமாக இருந்த இடங்களில் யாராவது ஒருவர் குறுக்கிடும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. குறுக்கீடு என்றால் சினிமாக் கதாநாயகன்போலப் பாய்வது அல்ல. கையைக் காட்டி “விடுப்பா” என்பது, நடுவில் போய் நிற்பது, தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பது, அடிபட்டவரைத் தேற்றுவது. நம் ஊர்த் தெருச் சண்டைகளில் “விடுங்கண்ணே, விடுங்க” என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்பவர்கள் செய்வதும் இதுதான். ஒவ்வொரு மனிதனும் தனித்தனியாகத் தயங்கினாலும், கூட்டத்தில் எவரோ ஒருவர் தயக்கத்தை உடைக்கிறார். உடைந்ததும் அடுத்தவர் வருகிறார்.

அந்த 219 சண்டைகளையும் அரிவாள் வெட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆயுதத்தோடு, திட்டமிட்டு, கும்பலாக வருபவர்கள் முன்னால் உயிர்ப் பயம் நியாயமானது. மும்பை அந்தேரியில் 2011 அக்டோபரில், தங்கள் தோழிகளைச் சீண்டியவர்களைத் தட்டிக்கேட்ட இரண்டு இளைஞர்கள் சாலையிலேயே குத்தப்பட்டு இறந்தார்கள். குற்றவாளிகள் நான்கு பேருக்கு 2016-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. உதவப் போனவர் உயிரை விட வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது. நிராயுதபாணி ஒருவர் ஏன் அரிவாள் மீது பாயவில்லை என்று கேட்பது நேர்மையும் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏன் யாரும் கத்தவில்லை, ஏன் உடனே அழைக்கவில்லை, வெட்டியவன் போன பிறகு ஏன் ஒருவரும் குனிந்து ரத்தத்தை நிறுத்தவில்லை?

‘நம்ம ஆள்’ என்றால் கால் தானே நகரும்

மற்றொரு தடை, அடிபடுபவர் நமக்கு யார் என்பது. இங்கிலாந்தில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நடந்து போகும் வழியில் ஒருவர் தடுக்கி விழுவார். தங்கள் அணியின் சட்டை போட்டிருந்தவருக்கு அவர்கள் ஓடி உதவினார்கள். எதிரணியான லிவர்பூல் சட்டைக்கு அவ்வளவாக உதவவில்லை. ஆனால், “நாம் எல்லோரும் கால்பந்து ரசிகர்கள்” என்ற நினைப்பை முன்கூட்டி ஊட்டிய பிறகு அதே ஆட்கள் லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவினார்கள்.

நமக்கு இது புதிதல்ல. “நம்ம தெருப் பொண்ணு” என்று தெரிந்த நொடியில் ஓடுகிற கால்கள், “யாரோ வடக்கத்திப் பையன்” என்றால் நின்றுவிடுகின்றன. சாதி இதில் இன்னும் கொடூரமாக வேலை செய்கிறது. ஆணவக் கொலையைப் பார்க்கிறவர்களில் சிலர் அதை “அவங்க குடும்ப விவகாரம்” என்று மனதுக்குள் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலருக்கு, கொன்றவர்களின் ஆட்கள் நாளை தன் கடையைத் தேடி வருவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை அவர்கள் கற்பனை செய்யவில்லை.

‘குடும்ப விவகாரம்’ என்ற இந்த முத்திரை பெண்கள் மீதான வன்முறைக்குப் பெரிய கேடயம். 1976-இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவதுபோல நடித்தார்கள். அந்தப் பெண் “உன்னை எனக்குத் தெரியவே தெரியாது” என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் குறுக்கிட்டார்கள். “உன்னைக் கல்யாணம் செய்ததே தப்பு” என்று கத்தியபோது 19 சதவீதம்தான். அடி ஒன்று, வலி ஒன்று; கேட்ட வசனம் மட்டும் வேறு. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே “என் பொண்டாட்டி, நீ யாருடா கேக்க?” என்றதும் நாம் பின்வாங்குவதும் இதனால்தான். அவன் சொல்வது உண்மையா என்று நமக்குத் தெரியாது. உண்மையாகவே இருந்தாலும் மனைவியை அடிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் அவனுக்குத் தரவில்லை. இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு சொல்: தெரியாதவன் உங்களைத் தாக்கினால், “இவன் யாருன்னே எனக்குத் தெரியாது” என்று திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொல்லுங்கள். கூட்டத்தின் முதல் சந்தேகம் அதில் போய்விடும். தாக்குபவன் கணவனே என்றால், “போலீசைக் கூப்பிடுங்க” என்று ஒருவரைக் கை நீட்டிக் காட்டிக் கேளுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தருவது

தமிழ்நாட்டில் ஒருவரைத் தயங்க வைப்பது அரிவாளைவிட அதிகமாக போலீஸ் நிலையமும் நீதிமன்றமும்தான் என்று நான் நினைக்கிறேன். “சாட்சின்னு பேர் எழுதிட்டா அஞ்சு வருஷம் கோர்ட்டுக்கு அலையணும்”, “காப்பாத்தப் போனவன் மேலயே கேஸ் போட்டுருவாங்க.” இந்தப் பேச்சில் பழைய அனுபவத்தின் உண்மை இருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது வேறு, அதைத் தெரிந்துவைத்திருப்பவரை அலைக்கழிப்பது கடினம்.

முதலாவது, தற்காப்பு உரிமை நம் உடலோடு நிற்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு, இன்னொருவரின் உடலைக் காப்பாற்றவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி. கொலை, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு போன்ற தாக்குதல்களில் இந்த உரிமை தாக்குபவனின் உயிர்வரைகூட நீளும் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லையும் உண்டு. போலீஸ் உதவியைப் பெற நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. தாக்குதல் முடிந்து, அவன் பிடிபட்டுக் கிடக்கும்போது அடிப்பது தற்காப்பு ஆகாது.

இரண்டாவது, பிடித்து வைக்கும் உரிமை. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தை ஒருவர் உங்கள் கண்ணெதிரே செய்தால், நீங்களே அவரைப் பிடிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வீண் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். சென்னை அண்ணா நகரில் 2018-இல் ஒரு பெண் மருத்துவரின் சங்கிலியைப் பறித்து ஓடியவனை 17 வயதுப் பையன் ஒருவன் துரத்திப் பிடித்தபோது ஊரே பாராட்டியது. அவன் செய்தது சட்டத்துக்கு உட்பட்டதும்கூட. துரத்துவது ஒவ்வொருவரின் உடல் வலுவையும் எதிரில் இருப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. பிடித்து வைக்கும் உரிமை, கட்டி வைத்து அடிக்கும் உரிமை அல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிப் போன குடும்பத்தைக் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று வதந்தியை நம்பிய கும்பல் அடித்தது. 65 வயது மூதாட்டி இறந்தார். குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததுதான் கும்பல் கண்ட குற்றம். அதே ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் பசிக்கு அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டி அடித்துக் கொன்றார்கள். நடுவில் செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் 14 பேர் குற்றவாளிகள் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. இங்கெல்லாம் “அடிக்காதீங்க, போலீஸ் வரட்டும்” என்று ஒருவர் அழுத்திச் சொல்லியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கலாம். கும்பலை எதிர்த்து அப்படிச் சொல்வதும் குறுக்கீடுதான், அதற்கு வேண்டிய துணிச்சல் இன்னும் அதிகம்.

மூன்றாவது, சாட்சியின் உரிமைகள். இவற்றை நிதானமாகப் படியுங்கள். எங்கே குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “இது எங்க லிமிட் இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. சாட்சியை விசாரிக்கப் போலீஸ் எழுத்துமூலமாகத்தான் வரவழைக்க முடியும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லவே கூடாது. போலீஸ்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். விசாரணையில் நீங்கள் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டால் அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சாட்சி வந்து நிற்கும்போது தக்க காரணம் இல்லாமல் வழக்கை ஒத்திவைக்கக் கூடாது. நீதிமன்றம் வந்துபோகும் செலவுக்குச் சாட்சிப் படி கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மிரட்டல் வந்தால் என்ன செய்வது? மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது. இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் அப்படி ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டத்தின்படி மனுவை முடிவு செய்வது மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு. போலீஸ் ஐந்து வேலை நாட்களுக்குள் ஆபத்து குறித்த அறிக்கை தர வேண்டும். வீட்டருகே ரோந்து, வீட்டில் கேமரா, தொலைபேசி எண் மாற்றம், நீதிமன்றத்துக்குப் பாதுகாப்போடு அழைத்துச் செல்வது, தேவைப்பட்டால் இடமாற்றம், அடையாள மாற்றம் வரை உத்தரவிட முடியும். நம் நாட்டுக் கொலை வழக்குகள் பல பிறழ் சாட்சியால் தோற்கின்றன. பிறழ்ந்தவரைத் திட்டுகிறோம். அவருக்கு இப்படி ஒரு மனு போடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

உரிமைகளோடு கடமைகளும் உண்டு. கொலை, கொள்ளை, பணத்துக்காகக் கடத்தல் போன்ற குற்றங்களைப் பற்றி அறிந்தவர் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் மறைத்தால் போக்சோ சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் உறுதி தருகிறது. குடும்ப வன்முறையைப் பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கும் இதே பாதுகாப்பைத் தருகிறது. தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு விதி பலருக்குத் தெரியாது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சீண்டலுக்குப் பலியானதைத் தொடர்ந்து 1998-இல் வந்த பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தின்படி, பேருந்தில் பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். “இறங்கிப் போய் சண்டை போடுங்க” என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் செய்ய வேண்டியது, “கண்டக்டர், வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுங்க, சட்டம் இருக்கு” என்று அந்தப் பெண்ணின் குரலோடு தன் குரலையும் சேர்ப்பது.

அந்த நிமிடத்தில்

கூட்டத்தின் உறைநிலையை உடைக்கச் சிறந்த வழி, பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைப்பது. “யாராவது போலீசைக் கூப்பிடுங்க” என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். “நீலச் சட்டை அண்ணா, 112-க்கு அடிங்க. அக்கா, நீங்க 108 கூப்பிடுங்க. தம்பி, கடைக்காரரைக் கூட்டிட்டு வா” என்றால் மூன்று பேர் அசைவார்கள். நடப்பது வன்முறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: “டேய், அந்தப் பொண்ணை அடிக்கிறான்!” பக்கத்தவர் முகத்தைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருந்தவருக்கு அதுவே பதில். ஆயுதம் இருந்தால் எட்ட நின்று சத்தம் போடுங்கள், வண்டி ஹாரனை அடியுங்கள், கடைகளிலிருந்து ஆட்களைச் சேருங்கள். ரயில் நிலையம் என்றால் 139. அடிபடுபவர் பெண் என்றால் 181, குழந்தை என்றால் 1098.

ஆயுதம் இல்லாத சீண்டலிலும் மிரட்டலிலும் நேருக்கு நேர் மோதத் தேவையே இல்லாமல் போகலாம். தெரிந்தவர்போலப் போய் “என்னம்மா, எவ்வளவு நேரமா நிக்கிற, வா போலாம்” என்று அந்தப் பெண்ணை நகர்த்திவிடலாம். மிரட்டுபவனிடமே நேரம் கேட்கலாம், வழி கேட்கலாம். அந்தச் சில நொடிகளில் அவன் பிடி தளரும், அவள் விலகிப் போக வழி கிடைக்கும். இதற்கு உடல் பலம் வேண்டாம், வயது தடையில்லை.

தாக்கியவன் போன பிறகுதான் பெரும்பாலோர் செய்யக்கூடிய வேலை தொடங்குகிறது. ரத்தம் பீறிடும் இடத்தில் துண்டையோ துப்பட்டாவையோ வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கத்தி குத்தியபடி இருந்தால் பிடுங்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். படுக்க வைத்து, போர்த்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். “போலீஸ் கேஸ், இங்கே பார்க்க மாட்டோம்” என்று எந்த மருத்துவமனையும், தனியாரும்கூட, திருப்பி அனுப்பக் கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படம் எடுப்பதைப் பற்றி. எல்லாப் படப்பதிவும் தவறல்ல. வேறொருவர் உதவிக்கொண்டிருக்கும்போது, தாக்கியவனின் முகம், வண்டி எண், ஓடிய திசையைப் பதிவு செய்வது வழக்குக்குப் பெரும் உதவி. உதவ ஆளே இல்லாதபோது கையில் போனைப் பிடித்து நிற்பதுதான் தவறு. எடுத்த பதிவைப் போலீசிடம் கொடுங்கள். அசல் கோப்பை வெட்டாமல், அழிக்காமல் வையுங்கள், நீதிமன்றத்தில் அதுதான் செல்லும். வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்பட்டால் பரப்பியவருக்கே இரண்டு ஆண்டு வரை சிறை.

இன்னும் மிச்சமிருப்பது

ஜெர்மனியில் ஆபத்தில் இருப்பவருக்கு, தனக்குப் பெரிய ஆபத்து இல்லாத நிலையிலும் உதவாமல் போனால் ஓராண்டு வரை சிறை. இந்தியாவிலும் அப்படி வேண்டும் என்று ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் குரல் எழுகிறது. நான் அதற்கு எதிரானவன். உதவுபவருக்குப் பாதுகாப்பு தராமல் உதவாதவரைத் தண்டிப்பது, பயந்தவரை இன்னும் வேகமாக ஓடத்தான் வைக்கும். அங்கே நின்றிருந்தேன் என்று சொல்லவே யாரும் முன்வர மாட்டார்கள்.

பாதுகாப்பு தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் நல்லெண்ண உதவியாளர்களுக்காக 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020-இல் விதிகள் வந்தன. உதவியவர் பெயர், முகவரி சொல்ல வேண்டியதில்லை. அவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ கிடையாது. அவராக விரும்பிச் சாட்சி சொன்னால் ஒரே முறைதான் விசாரிக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் இந்த உரிமைகளை உள்ளூர் மொழியில் எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது.

இவை எல்லாம் வாகன விபத்துக்கு மட்டும். லாரி மோதி ரத்த வெள்ளத்தில் கிடப்பவரைத் தூக்குபவருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, அரிவாள் வெட்டுப்பட்டு அதே சாலையில் கிடப்பவரைத் தூக்குபவருக்கு இல்லை. வெட்டுப்பட்டவரைச் சேர்த்தவருக்கும் பெயர் சொல்லாமல் திரும்பும் உரிமை, ஒரே முறை விசாரணை, வழக்கிலிருந்து விலக்கு ஆகிய மூன்றையும் நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், காவல் நிலையங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஓர் உத்தரவு போட்டு, தமிழ்நாடு அரசு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை வன்முறையில் காயம்பட்டவர்களுக்கும் விரிவாக்க வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இதைக் கேளுங்கள்.